500 எஸ்இ: டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் சரியாகவில்லை

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 11)

வணக்கம். மாமனார் விட்டுப்போன 1984 மெர்சிடிஸ் 500 எஸ்இ ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. டபிள்யூ126 உடல், எம்117 வி8 எஞ்சின், 4973 சிசி, கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன். 3,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாமா காலமான பிறகு சாட்ஸ்வர்த் வீட்டில் நான்கு வருடம் தார்ப்பாய் போர்த்தி நின்றது. போன டிசம்பரில் பேட்டரி, பெட்ரோல் பம்ப், ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றி ஓட வைத்தோம்.

ஓடுகிறது, ஆனால் வண்டியில் உயிர் இல்லை. டர்பனிலிருந்து பைன்டவுன் வழியாக ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்கி முனகுகிறது. மாமா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். இந்த வண்டி அந்த ஏற்றத்தை ஏற்றமாகவே மதிக்காது.

ஒரு பட்டறையில் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது என்று சொல்லி, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரை முன்னால் திருப்பினார்கள். கிளம்பும்போது கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது, ஆனால் ஏற்றத்தில் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலத் தட்டியது. இன்னொரு பட்டறையில் பின்னால் திருப்பினார்கள். தட்டல் போனது, பழைய சோம்பல் வந்தது. பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் எல்லாம் புதுசு. இதுவரை 14,000 ராண்ட் போய்விட்டது.

அப்புறம் ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் முன்பக்கம் சலங்கை குலுங்கினாற்போல ஒரு சத்தம், இரண்டு மூன்று விநாடி. பிறகு அடங்கிவிடுகிறது. பழைய வண்டி அப்படித்தான் என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள்.

புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அத்தையை இந்த வண்டியில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாமா இருந்தவரை வருடாவருடம் இதில்தான் போவார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ், டர்பன் (பிப்ரவரி 11)

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து உள்ளே வையுங்கள். நாளைக்கு ஸ்டார்ட் செய்து சத்தத்தைப் பதிவு செய்து போடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமானது அந்தச் சலங்கைச் சத்தம்தான்.

நான் முப்பத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் மாறுவது பொறி விழும் நேரம். வால்வு திறந்து மூடுகிற நேரம் அதனால் ஒரு நூல்கூட நகராது. அது, கீழே கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கிற டைமிங் செயினின் கையில் இருக்கிறது. செயின் தேய்ந்து நீண்டால் கேம் ஷாஃப்ட் பின்தங்கும், இன்டேக் வால்வு தாமதமாக மூடும், கீழ்வேகத்தில் இழுவை போகும். அதை ஈடுகட்டப் பொறியை முன்னால் தள்ளினால் தட்டல்தான் மிச்சம். உங்கள் வண்டியில் நடந்தது இதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சத்தத்துக்கு வருகிறேன். இந்த வி8-இல் செயின் வழுக்கிப் போக பிளாஸ்டிக் கைடு ரெயில்கள் உண்டு. மேலே மூன்று: எஞ்சினின் இடப்பக்க ஹெட்டில் (சிலிண்டருக்கு மேல் வால்வுகள் உட்காரும் பகுதி) இரண்டு, வலப்பக்கத்தில் ஒன்று. செயினை விறைப்பாகப் பிடிக்கிற டென்ஷனர் வலப்பக்கம் இருக்கிறது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் டென்ஷனரிலிருந்து எண்ணெய் வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் ரெயிலில் அடிக்கும். புது பிளாஸ்டிக் அந்த அடியைத் தாங்கும். நாற்பது வருடம் சூடான எண்ணெயில் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். உடைந்த துண்டு செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே போனால் செயின் பல் தாண்டும், இல்லாவிட்டால் அறுந்தே போகும். வால்வு பிஸ்டனில் முட்டும். அதற்குப் பிறகு என்ன செலவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1981 முதல் 1983 வரை அமெரிக்காவுக்குப் போன 380 எஸ்எல் வண்டிகளில் ஒற்றை வரிச் செயின் போட்டு, தொல்லை வந்து, 1984-இல் இரட்டை வரிக்கு மாற்றினார்கள். உங்கள் 500-இல் இரட்டை வரிதான். செயின் பலமானது. ரெயில்தான் பலவீனம்.

மின்பொறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் (பிப்ரவரி 11)

அண்ணே, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் பட்டறையில் எல்லாவற்றுக்கும் டைமிங் லைட்டைத்தான் எடுக்கிறார்கள். டைமிங் லைட் வைத்து வால்வு டைமிங்கைப் பார்க்க முடியாதா? செயின் நீண்டிருப்பதை எஞ்சினைப் பிரிக்காமல் எப்படி அளப்பது?

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ் (பிப்ரவரி 12)

நல்ல கேள்வி தங்கச்சி. டைமிங் லைட், ஒன்றாம் சிலிண்டர் ஒயரில் மின்சாரம் ஓடுகிற நொடியில் மின்னுகிறது. அந்த நொடியில் கிராங்க் எங்கே இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். கேம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

செயினை அளக்க ஹெட் மூடியை மட்டும் கழற்றினால் போதும். எட்டு பிளக்கையும் எடுத்துவிடுங்கள், எஞ்சின் லேசாகச் சுழலும். கிராங்க் போல்ட்டில் 27 சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே, முன்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். கேம் ஷாஃப்ட்டின் முன்முனையில் பல் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வாஷர் இருக்கும், அதில் ஒரு வெட்டுக்குறி. அது பேரிங் தாங்கியில் உள்ள குறிக்கு நேராக வரும்போது கையை நிறுத்துங்கள். இப்போது கீழே போய், கிராங்கின் முன்முனையில் உள்ள டேம்பர் சக்கரத்தில் டிகிரியைப் படியுங்கள்.

செயின் புதுசாக இருந்தால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நீண்டிருந்தால் கேம் குறி சேர்வதற்குள் கிராங்க் பூஜ்ஜியத்தைத் தாண்டி முன்னால் போயிருக்கும். தாண்டிய டிகிரிதான் நீட்சி. 5 டிகிரி தாண்டினால் செயின் மாற்றத் திட்டமிடுங்கள். 10-ஐ நெருங்கினால் ஓட்டாதீர்கள். 18, 20 டிகிரி என்று வந்தால் அது நீட்சியில்லை, செயின் ஒரு பல் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கேம் குறியைத் தாண்டிவிட்டால் கிராங்கைப் பின்னால் திருப்பிச் சேர்க்காதீர்கள். பின்னால் திருப்பினால் தளர்ச்சி வேறு பக்கம் போய்விடும், அளவும் பொய், பல் தாண்டும் ஆபத்தும் உண்டு. இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே சுற்றி மறுபடி வாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று.

மேட்டுநிலத்தான், லெனேசியா (பிப்ரவரி 12)

மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் வேக்கம் கேஜ் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டுவது) போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு குழாயைச் சொருகி ஐடிலில் படிக்க வேண்டியதுதான். என் 420 எஸ்இ-யில் முள் ஆடாமல் 14 அங்குலத்தில் நிற்கிறது, வண்டி பட்டுப்போல ஓடுகிறது. உங்களுக்கும் அதே அளவு வந்தால் வால்வு டைமிங்கில் ஒன்றுமில்லை. பெட்ரோல் பக்கம் போய்ப் பாருங்கள்.

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 12)

பட்டறைக்காரன் அண்ணன் ஸ்டார்ட் செய்யாதே என்று எழுதுவதற்கு முந்தின வாரமே வேக்கம் கேஜ் போட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். 14 தான், முள் ஆடவில்லை. அப்படியானால் செயின் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? மனசு கொஞ்சம் லேசாகிறது.

மின்பொறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் (பிப்ரவரி 12)

எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. லெனேசியா ஜோஹன்னஸ்பர்க் மேட்டில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் கேஜ் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். அங்கே 14 காட்டுகிற எஞ்சின் டர்பன் கடற்கரையில் 19, 20 காட்டும். நீங்கள் கடற்கரையில் நின்றுகொண்டு 14 படித்திருக்கிறீர்கள். அது ஐந்து அங்குலம் குறைவு. முள் ஆடாமல் ஒரேயடியாகத் தாழ்ந்து நிற்பது, பொறியோ வால்வோ பின்தங்கியிருப்பதற்கு அடையாளம் என்று படித்திருக்கிறேன். காற்று எங்கேயாவது கசிந்தாலும் தாழும்.

மேட்டுநிலத்தான், லெனேசியா (பிப்ரவரி 12)

தங்கச்சி சொல்வது சரி. உயரத்தை நான் யோசிக்கவே இல்லை. நீலக்கடல், என் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஆனால் அதே உயரத்தை வைத்து இன்னொன்றைக் கேளுங்கள். எங்கள் பக்கம் பம்பில் 93 ஆக்டேன் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு) போடுகிறோம், கடற்கரையில் 95. மேட்டில் காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் 93 தாங்குகிறது. இங்கே டைமிங் வைத்துக்கொண்டு, தொட்டி நிறைய 93 போட்டு, என்3-இல் வான் ரீனென் கணவாய் இறங்கி டர்பன் வந்தால் தட்டல் வரும். நானே அனுபவித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கு டைமிங் வைத்தவர் எங்கே தொழில் பழகினவர், தொட்டியில் என்ன பெட்ரோல் இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 13)

இரண்டு பட்டறையும் டர்பனில்தான். பெட்ரோல் எப்போதும் 95. சனிக்கிழமை ஹெட் மூடியைக் கழற்றப் போகிறேன்.

நெடுஞ்சாலை, ஸ்டேஞ்சர் (பிப்ரவரி 13)

மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த எஞ்சினுக்கு உதிரிப் பாகம் தேடியே ஆயுள் போகும். லெக்ஸஸ் 1யூஇசட் வி8 ஒன்றைப் போட்டுவிடுங்கள். நாலு லிட்டர், ஸ்கிராப் யார்டில் கிடைக்கும், நம் ஊரில் பக்கியிலிருந்து (பிக்கப் வண்டி) பந்தய வண்டிவரை அதைத்தான் போடுகிறார்கள். நான் இரண்டு வண்டியில் மாற்றியிருக்கிறேன், இரண்டும் இன்னும் ஓடுகின்றன. கோயிலுக்குப் போக ஓடுகிற வண்டி வேண்டும், அவ்வளவுதானே?

கிழக்குக்கரை, ஈஸ்ட் லண்டன் (பிப்ரவரி 14)

ஓடுகிற வண்டி மட்டும் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த வண்டி இந்த ஊர் மெர்சிடிஸ் தொழிற்சாலையில் கோத்தது. 1990-இல் மண்டேலா விடுதலையான பிறகு, இங்கே வேலை செய்த தொழிலாளிகள் சம்பளம் வாங்காமல் கூடுதல் நேரம் நின்று அவருக்கென்று ஒரு சிவப்பு 500 எஸ்இ கட்டினார்கள். பாகங்களை நிறுவனம் கொடுத்தது, உழைப்பைத் தொழிலாளிகள் கொடுத்தார்கள். அந்த ஜூலை 22 அன்று ம்டான்ட்சானே சிசா டுகாஷே மைதானத்தில் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அந்த வண்டி இப்போது ஜோஹன்னஸ்பர்க் அபார்தைட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அதே மாடல், அதே கொக்கி, அதே கைப்பிடி.

செயினையும் மூன்று ரெயிலையும் மாற்றினால் ஓடப்போகிற எஞ்சினை ஏன் தூக்கிப் போட வேண்டும்? அதுவும் உடைந்து போன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 14)

நெடுஞ்சாலை அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், கோபம் எதுவும் இல்லை. ஆனால் அத்தைக்கு அந்த எஞ்சின் சத்தம் தெரியும். மாமா வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் கேட்டே அடுப்பில் தோசைக்கல் வைப்பார்களாம். அதை மாற்ற எனக்குக் கை வராது.

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 17)

நல்ல செய்தி! மூடியைக் கழற்றினேன். ரெயில் முழுசாக இருக்கிறது. பழுப்பேறியிருக்கிறது, ஆனால் விரிசல் இல்லை. அமெரிக்க வீடியோக்களில் எல்லாம் டிரைவர் பக்க ரெயில்தான் முதலில் உடையும் என்றார்கள், அதனால் அந்தப் பக்கத்தையே முதலில் திறந்தேன். கேம் குறி சேரும்போது டேம்பரில் 11 டிகிரி. இது அதிகம் என்று புரிகிறது, ஆனால் ரெயில் தப்பித்தது பெரிய நிம்மதி. செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ் (பிப்ரவரி 17)

தம்பி, எந்தப் பக்கம் திறந்தீர்கள்? நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். அமெரிக்காவில் இடப்பக்கம். அவர்கள் டிரைவர் பக்கம் என்று சொன்னால் அது எஞ்சினின் இடப்பக்கம், நமக்குப் பயணி உட்காரும் பக்கம். ஸ்டீயரிங் பக்கத்தைத் திறந்திருந்தால் நீங்கள் பார்த்தது ஒற்றை ரெயில் உள்ள பக்கத்தை. வீடியோவில் எப்போதும் இடம், வலம் என்று வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறவரின் கணக்கில் கேளுங்கள்.

11 டிகிரி வலப்பக்கக் கேமில் என்றால் எனக்கு வியப்பில்லை. கிராங்க் செயினை முதலில் இடப்பக்கக் கேமிலிருந்து கீழே இழுக்கிறது. வலப்பக்கக் கேம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், தூரம் கூடக் கூட அந்தத் தேய்மானம் கூடிக்கொண்டே வரும். இடப்பக்கம் இதைவிடக் குறைவாக வரும், அளந்து சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறாக இருப்பதால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் திருப்பி எட்டு சிலிண்டரையும் சமாதானப்படுத்த முடியவில்லை.

இன்னொன்று. டேம்பரின் வெளிவளையத்தை ரப்பர் பிடித்திருந்தால், அது பழசாகி வளையமே நகர்ந்திருக்கலாம். அப்போது பூஜ்ஜியம் பொய். ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் ஏறும்போது ஓர் உயரத்தில் டேம்பரில் சாக்பீஸ் குறி போடுங்கள். அப்படியே முன்னால் சுற்றி, இறங்கும்போது அதே உயரம் வரும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. தொழிற்சாலைப் பூஜ்ஜியம் அதில் நின்றால் டேம்பர் நல்லது.

நீலக்கடல், டர்பன் (பிப்ரவரி 18)

அண்ணே, கை நடுங்குகிறது.

டேம்பர் சரியாக இருக்கிறது. இடப்பக்கம் நீட்சி 7 டிகிரி. ஆனால் உள்பக்க ரெயிலின் மேல்பாதியைக் காணோம். இருக்கிற பாதி கடும் டீ நிறத்தில் இருக்கிறது. புதுசு பால்வெள்ளையாக இருக்கும் என்று படத்தில் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக நெம்பினேன், ஒரு மூலை 'டிக்' என்று உடைந்து கையில் வந்தது. வளையவே இல்லை. வெளிப்பக்க ரெயிலில் செயின் உரசி இரண்டு பள்ளம் விழுந்திருக்கிறது, நகம் உள்ளே இறங்குகிறது. ஹெட்டின் உள்சுவரில் செயின் தேய்த்த பளபளப்பான கோடு ஒன்று.

இந்த நிலையில் டிசம்பரிலிருந்து ஓட்டியிருக்கிறேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு என்2-இல் 120-இல் போயிருக்கிறேன்.

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ் (பிப்ரவரி 18)

செயின் தாண்டவில்லை, வால்வு முட்டவில்லை. நேரத்தில் திறந்தீர்கள். இனி அவசரப்படாமல் செய்வோம்.

வாங்க வேண்டியது: மேல் ரெயில் மூன்று, அவற்றின் பின்கள், டென்ஷனர், அதன் கேஸ்கெட், இரட்டை வரிச் செயின், ரிவெட் அடிக்கிற இணைப்புக் கண்ணி, ஹெட் மூடி கேஸ்கெட் இரண்டு. கிளிப் போட்டு மாட்டுகிற கண்ணி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். விலை குறைந்த செயின் வேண்டாம், பெயர் தெரிந்த ஜெர்மன் செயினாகப் பாருங்கள்.

முதலில் காணாமல் போன பிளாஸ்டிக்கைத் தேடுங்கள். கிடைத்த துண்டுகளை ஒரு செய்தித்தாளில் பரப்பி ரெயில் வடிவத்தில் அடுக்கிப் பாருங்கள். எது குறைகிறதோ அது எண்ணெய்த் தொட்டியில் கிடக்கும். எண்ணெய் பம்பின் சல்லடையை அடைத்தால் புதுச் செயினும் டென்ஷனரும் போட்டு என்ன பலன்? இந்த எஞ்சினில் தொட்டியின் கீழ்ப்பகுதி தனியாகக் கழன்று வரும், எஞ்சினை இறக்க வேண்டாம்.

ரெயில் பின்களில் உள்ளே எம்6 மரை இருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பிடுங்காதீர்கள், ஹெட் அலுமினியம். ஸ்லைடு ஹேமர் இல்லையென்றால் எம்6 போல்ட், தடித்த வாஷர், பெரிய சாக்கெட் ஒன்று போதும். சாக்கெட்டை ஹெட்டில் ஊன்றி, போல்ட்டை இறுக்க இறுக்க ரெயில் பின் தானாக வெளியே வரும். திரும்ப அடிக்கும்போது பின்னின் தலைப்பக்கம் கொஞ்சம் சீலன்ட் தடவுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும்.

மின்பொறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் (பிப்ரவரி 19)

நீலக்கடல் அண்ணா, செயின் மாற்றும்போது உதவிக்கு ஆள் வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அப்பாவும் வருவார்.

நீலக்கடல், டர்பன் (மார்ச் 3)

தேடிய கதையை முதலில் எழுதுகிறேன். மொத்தம் பதினோரு துண்டு. அத்தைதான் சமையலறை மேசையில் பழைய பேப்பரை விரித்து, எண்ணெய் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். கோலப்புள்ளி வைக்கிற நிதானம். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவு ஓர் இடம் காலியாக இருந்தது. தொட்டியின் கீழ்ப்பகுதியை இறக்கியதும், சல்லடைக்கு ஓர் அங்குலம் தள்ளி, கருப்புச் சேற்றுக்குள் அந்தத் துண்டு கிடந்தது. கழுவி வைத்தபோது பேப்பரில் சரியாக உட்கார்ந்தது.

செயினை இன்றைக்குப் போட்டோம். மின்பொறியும் அவர் அப்பாவும் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். பட்டறைக்காரன் அண்ணன் ஃபோனிலேயே இருந்தார். டென்ஷனரைக் கழற்றி, செயினைச் சுற்றியுள்ள எல்லா ஓட்டையிலும் துணி அடைத்து, வலப்பக்கப் பல் சக்கரத்தின் மேல் ஒரு கண்ணியின் ரிவெட்டை அரைத்து எடுத்தோம். புதுச் செயினைப் பழையதன் வாலில் கோத்தோம். அப்பா கிராங்கைச் சுற்றினார், மின்பொறி புதுசை ஊட்டினார், நான் பழையதை இழுத்துப் பிடித்தேன். அரைச் சுற்று, நிறுத்தம், இரண்டு பக்கமும் "சரி" சொன்ன பிறகு அடுத்த அரைச் சுற்று. செயின் எந்த நேரத்திலும் பல்லை விட்டு எழும்பக் கூடாது என்று அண்ணன் ஐந்து தடவை சொல்லியிருந்தார். ஒரு தடவை என் பக்கம் எழும்பியது. மின்பொறி "நிறுத்துங்கப்பா" என்று கத்தியதில் தப்பித்தோம். அதற்குப் பிறகு பல் சக்கரத்தோடு சேர்த்து நைலான் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டேதான் நகர்ந்தோம். இந்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய செயினையும் புதுசையும் ஆணியில் அருகருகே தொங்கவிட்டோம். பழசு அரைக் கண்ணிக்கு மேல் நீளம்.

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ் (மார்ச் 3)

தங்கச்சி கத்தினது சரியான நேரத்தில். டென்ஷனரைப் போடும் முன் ஒரு கிண்ணம் எண்ணெயில் முக்கி, கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினீர்களா? காய்ந்த டென்ஷனர் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே புது ரெயில் அடிபடும்.

அப்புறம் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி இரண்டு கேம் குறியும் மறுபடி பாருங்கள். நடுவில் எங்கேயாவது கல்லில் முட்டின மாதிரி தடுத்தால் அதோடு நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். எல்லாம் சரியென்றால் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரில் சுற்றி, டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் எழும்பும்வரை பாருங்கள். பிறகு பிளக் மாட்டுங்கள். ஒயர் வரிசை 1-5-4-8-6-3-7-2.

டிஸ்ட்ரிபியூட்டரை இப்போது திருப்பலாம். வேக்கம் குழாயைக் கையேடு சொல்கிறபடி வைத்து, டைமிங் லைட் பிடித்து, அதில் போட்டிருக்கிற எண்ணுக்கே வையுங்கள். காதால் வைக்க வேண்டாம்.

நீலக்கடல், டர்பன் (மார்ச் 4)

முக்கினோம், காற்றுக் குமிழி நிற்கும்வரை. குறிகள்: இடப்பக்கம் 1 டிகிரிக்குள், வலப்பக்கம் 2.

இன்று காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் குளிர்ந்து நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். சலங்கைச் சத்தம் இல்லை. வேக்கம் கேஜ் 19. டைமிங் லைட் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியான எண்ணில் வைத்து இறுக்கினேன். முந்தின பட்டறை வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் நகர வேண்டியிருந்தது.

சத்தம் கேட்டு அத்தை கையில் காபியோடு கேட்டுக்கு வந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. பானட் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு எஞ்சின் சூடேறும்வரை நின்றார்கள்.

மேட்டுநிலத்தான், லெனேசியா (மார்ச் 4)

19! இன்றைக்கே என் 420-இன் ஹெட் மூடியைக் கழற்றப் போகிறேன். எனக்கு 2,40,000 ஆகிவிட்டது, ரெயில் எப்போது மாற்றினார்கள் என்று ஒரு சீட்டுகூடக் கிடையாது. பயணி பக்கம்தான் முதலில்.

பட்டறைக்காரன், ஃபீனிக்ஸ் (மார்ச் 5)

நல்லது. நீலக்கடல், 500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஃபில்டர் காகிதத்தை வெட்டி விரித்து, வெயிலில் பாருங்கள். பழுப்புத் துகள் தெரிகிறதா, உலோகம் மின்னுகிறதா என்று சொல்லுங்கள்.

நீலக்கடல், டர்பன் (மார்ச் 30)

540 கிலோமீட்டரில் மாற்றினேன். காகிதத்தில் மிளகைவிடச் சின்னதாக இரண்டு பழுப்புத் துகள். உலோகம் இல்லை, காந்தம் வைத்தும் பார்த்தேன். இடப்பக்க ரெயில் பின் ஒன்றில் லேசான எண்ணெய்க் கசிவு இருந்தது, எடுத்துச் சீலன்ட் வைத்து மறுபடி அடித்தேன்.

நேற்று இசிப்பிங்கோ போய்வந்தோம். கோயில் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தோம், சூடு முள் நடுவிலேயே நின்றது. திரும்பும்போது ஃபீல்ட்ஸ் ஹில் பக்கம் போகலாமா என்று அத்தைதான் கேட்டார்கள். வழியே இல்லை அது, இருந்தாலும் போனோம். நான்காவது கியரிலேயே ஏறியது.

மேட்டுநிலத்தான் அண்ணே, உங்கள் ரெயில் என்ன ஆனது?

மேட்டுநிலத்தான், லெனேசியா (மார்ச் 30)

இடப்பக்க உள் ரெயிலில் குறுக்கே ஒரு விரிசல். உடையவில்லை. பாகங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வரும்வரை பக்கியில்தான் போய்வருகிறேன். படம் நாளைக்குப் போடுகிறேன்.